பி.கே. ரோசிய "பாவம்"னு சொல்றத விடுங்க

பிப்ரவரி வந்தாலே என் பேஸ்புக் பூரா பி.கே. ரோசி படம்தான். 2023ல கூகள் அவங்க பிறந்தநாளுக்கு டூடுல் போட்டதுலேர்ந்து இப்படித்தான், பிப்ரவரி 10க்கு யாராவது ஒருத்தர் ஷேர் பண்ண, கீழ நாலு பேரு "பாவம் இந்த அம்மா", "ஐயோ என்ன கொடுமை"ன்னு எழுத, அதோட அடுத்த வருஷம்தான். ஷேர் பண்றவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, பினாங்குல இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு அந்தப் பேரு தெரியுதேன்னு சந்தோசம்தான். ஆனா அந்த "பாவம்" இருக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல. மலையாள சினிமாவோட முதல் கதாநாயகிய, கல்லடிக்குப் பயந்து ஓடின பொம்பளையா மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம். அவங்க என்ன நடிச்சாங்க, எங்கேர்ந்து நடிக்க வந்தாங்கன்னு யாரும் பேச மாட்டேங்கிறோம்.

ரோசி திருவனந்தபுரத்துல பொறந்தவங்க. புலையர் சாதி. திருவாங்கூர் ராஜ்யத்துல அந்த சாதி ஆளுங்க பொது ரோட்டுல நடக்கிறதுக்கே அவங்க தலைவர் அய்யங்காளி மாதிரி ஒருத்தர் வில்லுவண்டிங்கிற மாட்டு வண்டிய ஓட்டிப் போராட வேண்டியிருந்துச்சு. புல்லு அறுத்துப் பொழச்சவங்கதான் ரோசி, ஆனா அவங்ககிட்ட ஒரு கலை இருந்துச்சு. காக்காரிசி நாடகம். சிவனும் பார்வதியும் குறி சொல்ற நாடோடிங்களா, காக்கானும் காக்காத்தியுமா பூமிக்கு வர்ற கதை. பாட்டு, ஆட்டம், கிண்டல் எல்லாம் இருக்கும், வசனம் தமிழும் மலையாளமும் கலந்தே வரும், நம்ம கூத்து பாத்தவங்களுக்கு அந்த ருசி உடனே புரிஞ்சிரும். பொம்பள வேஷத்த ஆம்பளைங்களே கட்டிக்கிட்டிருந்த காலத்துல ரோசி காக்காத்தியா மேடை ஏறினாங்க. இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நெறைய பதிவுல ஏதோ புல்லுக்கட்டு தூக்கிட்டுப் போன பொண்ண வழியில புடிச்சி காமிரா முன்னாடி நிக்க வச்ச மாதிரியே எழுதுறாங்க. அப்படி இல்ல. ஜனங்க முன்னாடி நின்னு, அவங்கள சிரிக்க வச்சி, பாட்டுல கட்டிப்போடத் தெரிஞ்ச ஒரு நடிகையத்தான் டேனியல் தேடிப் போனாரு.

ஜே.சி. டேனியல் யாருன்னா, அகஸ்தீஸ்வரத்துக்காரரு, இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அப்ப திருவாங்கூர். பல் டாக்டர், களரி பைத்தியம், அப்புறம் சினிமா பைத்தியம். சொத்த வித்து திருவனந்தபுரத்துல பட்டம்ங்கிற எடத்துல திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்னு ஸ்டுடியோ ஆரம்பிச்சாரு. கதை அவரு, காமிரா அவரு, டைரக்ஷன் அவரு, ஹீரோவும் அவருதான். ஹீரோயினுக்குத்தான் ஆள் இல்ல. பம்பாய்லேர்ந்து ஒரு நடிகைய வரவழைச்சுப் பாத்தாரு, சரிப்பட்டு வரல. சினிமான்னாலே கௌரவமான வீட்டுப் பொண்ணுங்க பக்கத்துல வராத காலம் வேற. அப்பதான் ரோசி வந்தாங்க.

படம் பேரு விகதகுமாரன். கதையக் கேட்டா நம்ம ஊர்க்காரங்க கொஞ்சம் நிமிந்து உக்காருவீங்க. திருவாங்கூர்ல பணக்கார வீட்டுப் பையன் ஒருத்தன இலங்கைக்குக் கடத்திட்டுப் போயிடுறாங்க, அவன் அங்க எஸ்டேட்டுல கூலியாளா வளர்றான். மலையாளத்துல எடுத்த முதல் படமே கப்பலேறிப் போய்த் தோட்டத்துல மாட்டிக்கிட்டவன் கதை! அந்தப் பையனோட தங்கச்சி சரோஜினி, அதுதான் ரோசியோட வேஷம். நாயர் வீட்டுப் பொண்ணு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அது மௌனப் படம். வசனம் கெடையாது, நடுநடுவுல எழுத்து அட்டை மட்டும் வரும். அப்ப ஒரு நாயர் வீட்டுப் பொண்ணா மாறணும்னா ரோசிகிட்ட என்ன இருந்துச்சு? மூஞ்சி, கண்ணு, கை, நடை, உக்கார்ற விதம், அவ்ளோதான். அந்த ஊர்லயோ சாதிங்கிறதே ஒடம்புலதான் எழுதியிருந்துச்சு. யாரு எவ்ளோ தூரத்துல ஒதுங்கி நிக்கணும், யாரு கண்ணத் தூக்கிப் பாக்கலாம், யாரு என்ன துணி எப்படிப் போடலாம், எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. 1915ல பெரிநாட்டுல புலையர் பொம்பளைங்க கழுத்துல கட்டாயமா போட வச்ச கல்லுமாலைய அறுத்து எறிஞ்சாங்களே, அது ஏதோ நகைப் பிரச்சனைன்னா நினைக்கிறீங்க? ஒடம்புல கட்டியிருந்த சாதிய அறுத்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல பொறந்து, தலையக் குனிஞ்சு வழிவிட்டு நடக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து பழக்கப்பட்ட ஒரு பொண்ணு, காமிரா முன்னாடி தலைய நிமித்தி, நல்ல முண்டு கட்டி, நகை போட்டு, சரோஜினியா நடந்து வந்தாங்க. வாயத் திறந்து ஒரு வார்த்த பேசாம அத நம்ப வச்சாங்க.

படம் காட்டினது திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர்ல. 1928ன்னு ஒரு கட்சி, 1930ன்னு ஒரு கட்சி, இன்னைக்கும் சண்டை நடக்குது. நடிச்ச அந்த அம்மாவுக்கு மேல் சாதிக்காரங்களோட சேந்து அந்த முதல் ஷோவ உக்காந்து பாக்கக்கூட எடம் இல்ல. திரையில ரோசி தலையில இருக்கிற பூவ ஹீரோ எடுத்து முத்தம் குடுக்கிற சீன் வந்துச்சாம், அவ்ளோதான், கூட்டம் வெறி புடிச்சுக் கல்லெறிய ஆரம்பிச்சிடுச்சு. திரை கிழிஞ்சிச்சு. அப்புறம் அவங்க குடிசைக்கும் தீ வச்சாங்க. ரோசி ராத்திரியோட ராத்திரியா ஒரு லோரில ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பிச்சிப் போனாங்க. அந்த லோரி டிரைவரையே கல்யாணம் கட்டி, ராஜம்மான்னு பேர மாத்திக்கிட்டு, பிள்ளை குட்டியோட கடைசி வரைக்கும் வாழ்ந்தாங்க. அப்புறம் ஒரு படத்துலயும் நடிக்கல.

ஏன் கல்லெறிஞ்சாங்க? கீழ் சாதிப் பொண்ணு நடிச்சதுக்குன்னு எல்லாரும் ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுறோம். அது மட்டும்தானா? அவங்க மோசமா நடிச்சிருந்தா, நாயர் பொண்ணு மாதிரி தெரியாம போயிருந்தா, கூட்டம் சிரிச்சிட்டுப் போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். நம்ப வச்சதுதான் அவங்களால தாங்க முடியல. பொறப்புலயே ரத்தத்துலயே வருதுன்னு பெருமை பேசின ஒன்ன, ஒரு புலையப் பொண்ணு துணியா எடுத்து உடுத்தி, உடுத்தவே பொறந்த மாதிரி நடந்து காட்டிட்டாங்க. உடுத்த முடியும்னா அவுக்கவும் முடியும். அந்தப் பயம்தான் கல்லா வந்துச்சு. அதனாலதான் "பாவம்"னு சொல்றது எனக்குப் பத்தல. அவங்க கெட்டிக்காரின்னு அந்தக் கூட்டத்துக்கே தெரிஞ்சிருச்சு, நூறு வருஷம் ஆகப்போகுது, நாம இன்னும் அத ஒத்துக்க மாட்டேங்கிறோம்.

இன்னொன்னு. நாகர்கோவில்ல ராஜம்மாவா வாழ்ந்த வாழ்க்கையையும் "அதுவும் ஒரு நடிப்புதான்"னு அழகா எழுதுறாங்க சிலர். எனக்கு அது சுத்தமா பிடிக்கல. நடிப்புன்னா வேஷத்தக் கலைச்சிட்டு வீட்டுக்குப் போகலாம். இவங்களுக்கு அந்த வழியே இல்ல. பெத்த பிள்ளைங்ககிட்டகூட தான் ஒரு காலத்துல நடிச்சேன்னு தாராளமா சொல்லிக்க முடியாத நிலமைய கவிதையாக்காதீங்க.

நான் இத எங்க சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல எழுதினப்ப ஒரு மாமா, "அதெல்லாம் இந்தியாவுல மா, நம்ம நாட்டுல எங்க சாதி"ன்னு பதில் போட்டாரு. பெரியவரு, மரியாத உண்டு. ஆனா மாமா, 1929 டிசம்பர்ல பெரியார் நம்ம பினாங்குலதான் கப்பல விட்டு எறங்கினாரு. ஏறக்குறைய ரோசி படம் வந்த அதே காலம். சாதி இங்க இல்லன்னா இங்க இருந்த தமிழர்ங்க எதுக்கு அவர மலாயாவுக்குக் கூப்பிடணும்? தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணிங்க ஊருக்குப் போயி சொந்த சாதி, சொந்த சனம்னு பாத்துத்தான் ஆள் கட்டிட்டு வந்தாங்க. லயத்துல, அதாவது தோட்டத்துல வரிசையா கட்டின கூலிக்காரங்க வீடுங்கள்ல, இன்னாரு இந்த வரிசை, அவங்க அந்த வரிசைன்னு பிரிச்சு வச்ச தோட்டமெல்லாம் இருந்துச்சு, எங்க பாட்டி கெடாவுல அப்படி ஒரு லயத்துலதான் வளந்தாங்க. இன்னைக்கும் சம்பந்தம் பேச வந்தா "உங்களுக்கு ஊர்ல பூர்வீகம் எந்தப் பக்கம்?"னு மெதுவா ஆரம்பிப்பாங்களே, அந்தக் கேள்வி எங்க போய் முடியும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கு பதில் சொல்லாம பேச்ச மாத்துற குடும்பங்களும் நமக்குள்ள எவ்ளோ இருக்கு. ராஜம்மா பயம் நமக்குப் புரியாத பயமா என்ன?

டேனியலும் நொடிச்சுத்தான் போனாரு, 1975ல அகஸ்தீஸ்வரத்துலயே செத்துப் போனாரு. ஆனா சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன்னு ஒரு பத்திரிக்கைக்காரர் அவரத் தேடிப் போயி எழுதினாரு, 1992லேர்ந்து கேரளா அரசாங்கம் அவரு பேர்ல விருது குடுக்குது. 2013ல அவரு வாழ்க்கைய வச்சு படமே வந்துருச்சு. ரோசி பேர்ல ஒரு பிலிம் சொசைட்டி வர்றதுக்கு 2019 ஆகிடுச்சு, அதையும் மலையாள சினிமாவுல வேல செய்ற பொம்பளைங்களே சேந்துதான் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம்தான் சென்னையில பா. ரஞ்சித் ஆளுங்க ரோசி பேர்ல தலித் பிலிம் பெஸ்டிவல் நடத்தினது. விகதகுமாரன்ல ஒரு அடி பிலிம்கூட இப்ப இல்ல. அடுத்து 1933ல வந்த மார்த்தாண்ட வர்மா தப்பிச்சிருச்சு, புனே பிலிம் ஆர்கைவ்ல பத்திரமா இருக்கு. சரோஜினி நடந்த நடைய நாம பாக்கவே முடியாது, அத நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. இப்ப எல்லாரும் ஷேர் பண்ற அந்தக் கறுப்பு வெள்ள போட்டோவே அவங்களோடதுதானான்னு சர்ச்சை இருக்கு. அதனால தயவு செஞ்சு அந்தப் படத்த மட்டும் போட்டுட்டுப் போகாம, காக்காத்தியா ஆடினத எழுதுங்க, சரோஜினிங்கிற பேர எழுதுங்க.

கடைசியா ஒரு உதவி கேக்கிறேன். கெடா, பேராக், ப்ரோவின்ஸ் வெல்லெஸ்லி பக்கம் தோட்டத் திருவிழாவுல, காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல மேடை கட்டி நாடகம் போடுவாங்கல்ல. பொம்பள வேஷம் முக்காவாசி ஆம்பளைங்கதான் கட்டுவாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். ஆனா அங்கொன்னு இங்கொன்னா ஏறி நடிச்ச பொம்பளைங்களும் இருந்தாங்க, வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டும் நடிச்சாங்க. உங்க வீட்டுல அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருந்திருந்தா எந்தத் தோட்டம், என்ன நாடகம், என்ன வேஷம்னு விசாரிச்சு எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. பேர வெளிய சொல்லக் கூடாதுன்னா சொல்ல மாட்டேன். உயிரோட இருக்கிறவங்கன்னா நான் நேர்லயே வந்து கேட்டு எழுதிக்கிறேன், பட்டர்வொர்த் பக்கம்னாலும் சரி, சுங்கை பட்டாணி பக்கம்னாலும் சரி.