40 மதிப்பெண் என்றால் 60 விழுக்காடு லஞ்சமா?

ஊழல் குறியீட்டில் ஒரு நாடு 100க்கு 40 பெற்றால் அங்கே அரசுச் சேவைகளில் 60 விழுக்காடு லஞ்சம் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று ஒரு பதிவு சொல்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணை அப்படிக் கழித்துப் பார்க்க முடியாது.

ஊழலுக்கு எதிரான பன்னாட்டு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் அந்தக் குறியீடு, பொதுத்துறையில் ஊழல் எந்த அளவு இருக்கிறது என்று வல்லுநர்களும் தொழில்துறையினரும் கருதுவதைத் தொகுத்துத் தருகிறது. 0 மிக மோசம், 100 மிகத் தூய்மை. மருத்துவமனையிலோ சான்றிதழ் வாங்கும் இடத்திலோ பணம் கொடுத்தீர்களா என்று அதற்காக யாரும் பொதுமக்களிடம் கேட்பதில்லை. 2023இல் முதலிடம் பெற்ற டென்மார்க்கின் மதிப்பெண் 90. பதிவின் கணக்குப்படி அங்கே பத்தில் ஒரு சேவைக்கு லஞ்சம் என்றாகிவிடும்!

சரிபார்ப்பது எளிது. அந்த அமைப்பின் இணையதளத்தில் குறியீட்டுடன் செய்முறை விளக்கமும், நாடுவாரியாக எந்தெந்த மூலங்களிலிருந்து (பிற நிறுவனங்களின் ஆய்வுகள், மதிப்பீடுகள்) மதிப்பெண் வந்தது என்ற அட்டவணையும் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்தது மூன்று மூலங்கள் இருந்தால்தான் ஒரு நாடு பட்டியலில் சேரும். 2012இல் செய்முறை மாறியதால் அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடவும் கூடாது (இந்தத் தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது).

சேவைக்காக லஞ்சம் கொடுத்தவர்களின் விகிதம்தான் வேண்டுமென்றால், அதே அமைப்பின் 'உலக ஊழல் அளவீடு' என்ற தனிக் கருத்துக்கணிப்பைப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, நீதிமன்றம் என்று பிரித்து, கடந்த 12 மாத அனுபவத்தை மக்களிடமே கேட்கிறார்கள்.