நாற்றுக்கு முன் நீரோட்டம்

நாற்றுகளை மிகுதியாக நட்டாலே பிச்சாவரம் அலையாத்திக் காடு மீண்டுவிடும் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அங்கே எந்த மரம் எங்கே நிற்கும் என்பதை நீரும் மண்ணுமே முடிவு செய்கின்றன. ஓதநீர், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தால் வந்துபோகும் நீர், நாள்தோறும் ஏறி இறங்கும் வாய்க்கால் ஓரச் சேற்றில் சுரபுன்னை முட்டுவேர்களை ஊன்றி நிற்க, சற்று உள்ளே, உப்பு மிகுந்த தரையில் வெண்கண்டல் பரவியிருக்கிறது. வெண்கண்டல் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள், அது வெளியேற்றிய உப்பு நறநறவென ஒட்டும். அடியில் சேற்றைக் கிளறினால் கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் எழும்; காற்றில்லாத அந்த மண்ணில் மூச்சுவிடத்தான் வெண்கண்டல் பென்சில் முனைகளைப் போன்ற வேர்களை மேலே நீட்டுகிறது.

முற்காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை வெயிலில் காய்ந்து தொட்டிபோலத் தாழ்ந்தது. புகுந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறி, உமரி போன்ற ஒருசில செடிகளே அங்கு பிழைத்தன. 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதம் வந்துபோக வழிசெய்த பிறகுதான் நட்ட நாற்றுகள் நிலைத்தன. வெள்ளாறும் கொள்ளிடமும் தரும் நன்னீர் குறையும்போது வெண்கண்டலைவிடச் சுரபுன்னையே அதிகம் தளர்கிறது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்க வேண்டும்.