உண்ணிச்செடியை வெட்டாதீர்கள், கெல்லுங்கள்

மாசி, பங்குனி வந்தால் சேர்வராயன் மலைச்சரிவில் தீப்பிடிக்கிறது. அணைக்க ஓடுகிறோம், சரி. ஆனால் எரிவதற்கு அங்கே என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் முதல் குற்றவாளி உண்ணிச்செடி.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது சாலையோரம் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி, தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குள் வந்தது. வெறும் புல் எரிந்தால் தீ தரையோடு ஓடிவிடும். உண்ணியோ ஆளுயரப் புதர், பக்கத்து மரத்தின் மேலும் படரும். காய்ந்தால் தீக்கு அதுவே ஏணி. சரிவில் ஏறும் தீ மேலே இருப்பதை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு போவதால் வேகம் வேறு கூடும். பட்டை மெலிந்த சந்தனம் தாங்காது. எரிந்த இடத்தில் முந்திக்கொண்டு துளிர்ப்பதும் உண்ணியேதான்.

அரிவாளால் வெட்டிப் போட்டு போட்டோ எடுப்பது வீண் வேலை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் அது மறுபடி தழைக்கும். ஒன்றை வெட்டினால் நாலு கிளை வரும். ஜேசிபி அதைவிட மோசம். கிளறிய மண்ணில் விதை பரவும், அடுத்த மழைக்கு மேல்மண்ணும் போய்விடும்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன் இறங்க வேண்டும். முதலில் கிளைகளைக் கழித்து அடிக்கட்டையை வெளியே தெரியவையுங்கள். கழுத்துக்குக் கீழே ஆணிவேரைக் குந்தாலியால் துண்டித்து, கட்டையை முழுசாக நெம்பி எடுத்து, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். மண்ணைத் தொட்டுக் கிடந்தால் திரும்ப வேர்விடும்.

வேலை அத்தோடு முடியாது. பழம் தின்ற கொண்டைக்குருவி உட்காரும் மரத்தடிகளில்தான் நாற்று கொத்துக்கொத்தாக முளைக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமும் அங்கே போய்க் கையால் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் அதே மலையின் புல் விதையைத் தூவுங்கள். மரக்கன்று விழா நடத்துகிறவர்களுக்கு இது ரசிக்காது. புல்லோடு நின்று யார் படம் எடுப்பார்கள்?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் தொடக்கூடாது. காபி எஸ்டேட்காரர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. எத்தனையோ தோட்டங்களில் வேலியே உண்ணிதான். காட்டுக்கு விதை அங்கிருந்தும் போகிறது.