முதலில் பொன்ஜூர் சொல்லுங்கள்

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். அதில், மூன்று நாள் பாரிஸைச் சுற்றிய தம்பி ஒருவர், 'பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள்' என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். வெதுப்பகத்தில் ஒரு பெண் அவரை முறைத்தாராம்.

மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். தம்பி கதவைத் திறக்கிறார், கைபேசியை நீட்டுகிறார், பாணை விரலால் காட்டுகிறார். 'பொன்ஜூர்' எங்கே? இங்கே கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம், விலையும் சாமானும் பிறகு. காசு வாங்குகிறவர் உங்கள் ஏவலாள் அல்லர். இதையா திமிர் என்கிறீர்கள்?

நானும் வந்த புதிதில் காயப்பட்டவன்தான். பகெத் என்கிற நீளப் பாணை 'அன் பகெத்' என்று ஆண்பாலில் கேட்டேன்; பிரெஞ்சில் அது பெண்பால். 'யூன் பகெத், மெஸ்யூ' என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திருத்தினார் கடைக்கார அம்மா. அன்று பாண் தொண்டைக்குள் இறங்கவில்லை. மறுநாளும் திருத்தினார், மாதக்கணக்கில் திருத்தினார். ஒரு சதமும் வாங்காமல் எனக்கு இந்த மொழியைக் கற்றுத்தந்தவர் அவர். வணக்கம் சொன்னவனை அவர் ஒருநாளும் முறைத்ததில்லை.

'வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாய்' என்பீர்கள். சொல்லுங்கள். தான் பிடித்து ஆண்ட அல்ஜீரியாவில் பிரான்ஸ் செய்தது கொடுமை, மறுக்கவில்லை; அது வேறு வழக்கு. வாடகைக்கு வீடு தேடியபோது என் பெயரைக் கேட்டதும் குரல் மாறியவர்களும் உண்டு. ஆனால் 'எப்போதும் வேலைநிறுத்தம், சோம்பேறிகள்' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1936இல் இங்கே தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடிச் சம்பளத்தோடு 2 வார விடுப்பு வாங்கினார்கள். இன்று அது 5 வாரம். உணவகத்தில் கோப்பை கழுவிய எனக்கும் அந்த 5 வாரம் கிடைத்தது. யாரோ அன்று போராடியதால்தான் நான் ஊருக்குப் போய் அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த நாடு ஒரு சட்டம் போட்டது: புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது. பெரிய கடைகள் விலையைக் குறைத்துச் சிறு புத்தகக் கடைகளை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. என் தெருமுனையில் ஒரு சிறு கடை இன்றும் திறந்திருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றி அறிந்த அன்று அதன் வாசலில் நின்று அழுதேன். இவர்களை நான் ஏன் நேசிக்கிறேன் என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்.

தம்பி, அடுத்த முறை வந்தால் சொல்லுங்கள். காலை 7 மணிக்கு அந்த அம்மாவின் கடைக்கு அழைத்துப்போகிறேன். பொன்ஜூரை நீங்களே சொல்லுங்கள்.