கொங்கிரீட் வாய்க்கால் அழுக்கை வடிகட்டாது
நகரத்துக்குள் கொங்கிரீட் வடிகால் கட்டி முடித்தால் மழைநீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. தண்ணீர் வேகமாகப் போகும், அது சரி. போய்ச் சேருவது எங்கே? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நகரத்து வெள்ளம் பெரும்பாலும் குளத்துக்குத்தான் இறங்குகிறது. கோடை முழுக்க ஏ9 வீதியோரக் கராஜ்களிலும் வாகனம் கழுவும் இடங்களிலும் சிந்தின ஒயில், டயர்த்தூள், சந்தைக் குப்பை எல்லாவற்றையும் மாரியின் முதல் மழையே அள்ளிக்கொண்டு வரும். எங்கள் ஒழுங்கை மதகடியில் அந்த முதல் தண்ணீர் கறுத்து, மேலே ஒயில் படர்ந்து மினுங்கிக்கொண்டு ஓடுவதை வருசா வருசம் பார்க்கிறேன். மண் வாய்க்கால் என்றால் புல்லும் கோரையும் வண்டலைப் பிடித்துவைக்கும், கொஞ்சத் தண்ணீராவது நிலத்துக்குள் இறங்கும். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர், அலைகரை (வெள்ளம் வந்து இறங்கும் பக்கத்துக் குளத்தோர நிலம்) சும்மா கிடக்கிற தரிசு, கடை கட்டலாம் என்று எழுதியிருக்கிறார். தரிசில்லை ஐயா, வெள்ளம் குளத்துக்குள் இறங்க முன்னம் மண்ணும் அழுக்கும் படிகிற இடமே அதுதான். அதை நிரவினால் வண்டல் நேரே குளத்துக்குள் போய்க் கொள்ளளவைக் குறைக்கும், கழிவுநீரும் சேர்ந்தால் ஆகாயத்தாமரை மூடிவிடும். வடிகால் கட்டட்டும். ஆனால் அது குளத்தில் விழுகிற இடத்தில் மண் படியவைக்கும் தொட்டி வேண்டும், கராஜ்களில் ஒயிலைப் பிரித்தெடுக்கும் குழி இல்லாமல் சபைகள் அனுமதி கொடுக்கக் கூடாது, தொட்டியை ஒவ்வொரு மாரிக்கும் முன் வாரியெடுக்க ஆளும் காசும் ஒதுக்க வேண்டும்.