கதிரை அடுக்குகிற நேரம்

திருகோணமலையில் இளவயதில் ஒருவர் போய்விட்டால், அவருடைய பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு கூட்டாளிகளுக்கும் உறவுகளுக்கும் வரும். அன்னதானம் கொடுப்போம், சுற்றுப்போட்டி வைப்போம், 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவு நூல் அடிப்போம். அவருடைய நினைவாக இளையோர் மனநலம் பற்றி ஐந்தாறு அமர்வுகள் நடத்தினால் என்ன என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டாயம் நடத்துங்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனநலப் பிரச்சினையுடன் வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்றில் ஒரு பங்குப் பிரச்சினைகள் 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்றும் அது சொல்கிறது.

ஆனால் இப்படியொரு தொடர் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது பேச்சாளரை. கொழும்பிலிருந்து யார், யாழ்ப்பாணத்திலிருந்து யார் என்று ஒரு மாதம் அதிலேயே போய்விடும். பேச்சாளர் இரண்டாம் பட்சம் என்பதுதான் என் கருத்து. தொடர் பயன்பட்டதா இல்லையா என்பது, பேச்சு முடிந்து கதிரை அடுக்குகிற அந்த அரைமணித்தியாலத்தில் தொண்டர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் ஒரு பிள்ளை நிற்கும். மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இது கேட்காமலே பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். ஐந்தை அடுக்கிவிட்டு, நேராக இருக்கிற அடுக்கையே திரும்ப நேராக்கும். பிறகு தொண்டரின் முகத்தைப் பாராமல், "அண்ணா, எனக்கில்ல, என்ர கூட்டாளி ஒருத்தனுக்கு ராவில நித்திரையே வாறேல்லையாம்" என்று தொடங்கும்.

இங்கேதான் பயிற்சி இல்லாத தொண்டர் பிழை விடுகிறார். "அது நீதானே?" என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். "எல்லாம் சரியாகிடும் தம்பி, கோயிலுக்குப் போ, நல்லா விளையாடு" என்றாலும் முடிந்துவிடும். கூட்டாளியைப் பற்றியே பேசுங்கள். எத்தனை நாளாக நித்திரை இல்லை? சாப்பாடு எப்படி? முன்பு போன இடங்களுக்கு இப்போதும் போகிறாரா? யாரோடு கதைக்கிறார்? கதிரையையும் சேர்ந்தே அடுக்குங்கள். கை வேலை செய்யும்போது வாய் இலகுவாகத் திறக்கும், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றாவது நாலாவது கேள்வியில் பல பிள்ளைகளுக்கு "அவன்" தானாகவே "நான்" ஆகிவிடும். ஆகாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டாளிக்குச் சொல்லச் சொல்லி நீங்கள் சொல்வதை அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சாகத் தோன்றுகிறதா என்ற அடுத்த கேள்விதான் எல்லோரும் பயப்படுகிற கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. நேராகக் கேட்டால் பாரம் குறைகிறவர்களே அதிகம். ஆனால் சொற்கள் முக்கியம். "கூடாத யோசனை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே பிள்ளையின் வாயில் வைக்கிறோம். "இப்பிடி இருக்கேக்க சில பேருக்குச் செத்துப்போனால் நல்லம் எண்டு தோணும். உங்களுக்கு அப்பிடித் தோணுதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், "இண்டைக்கும் தோணுதா? எப்பிடிச் செய்யிறது எண்டு யோசிச்சு வச்சிருக்கிறீங்களா?" என்று தொடருங்கள். இந்த மூன்று கேள்விகளையும் தொண்டர்கள் இருவர் இருவராக இருந்து, நாக்குத் தடுமாறாமல் வரும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இரண்டு நாள் பயிற்சியில் அரை நாளை இதற்கே கொடுத்தாலும் தகும்.

திட்டமும் இருக்கிறது, இன்றைக்கும் தோன்றுகிறது என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஒரு தொண்டர் பக்கத்திலேயே இருக்க, மற்றவர் பிள்ளை நம்புகிற பெரியவரை அழைக்க வேண்டும். அவரும் சேர்ந்து நேராக வைத்தியசாலைக்கு. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸ். வழி தெரியாமல் தடுமாறினால் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் வழக்கு வரும் என்று வீட்டார் தயங்குவார்கள். உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றம் இல்லை. இது தெரியாத பயத்தில் மணித்தியாலங்களை இழந்துவிடக்கூடாது. ஆகவே தொண்டர் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று எந்தத் தொண்டரும் சத்தியம் செய்யக்கூடாது. "நீங்க சொல்றதை ஊருக்குள்ள கதைக்க மாட்டன். உங்கட உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும் இன்னொராளுக்குச் சொல்லுவன், அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே அடியோ வேறு துன்புறுத்தலோ நடக்கிறது என்று பிள்ளை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு அழைக்கக்கூடாது. அதற்குச் சிறுவர் உதவித் தொலைபேசி 1929 இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கான அமர்வில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அதற்கு மிகப் பெரிய காரணம் கடும் நச்சுத்தன்மை கொண்ட விவசாய நஞ்சுகளை 1984, 1995, பிறகு 2008 முதல் 2011 வரை என்று படிப்படியாகத் தடை செய்ததுதான். அந்தக் காலத்தில் மக்களின் துயரம் மூன்றில் ஒன்றாகக் குறையவில்லை. எங்கள் மாவட்டத்தில் போரும் கடல்கோளும் அதற்குள்தான் வந்தன. ஆனால் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனது. உயிரை மாய்க்கத் தூண்டுகிற வேகம் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணித்தியாலங்கள்தான் இருக்கும். அதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறகு அந்த வழியில் போவதில்லை. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் வயல் உள்ள வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல்களுக்குப் பூட்டுள்ள பெட்டி, சாவி ஒரே ஒரு பெரியவரிடம். டவுன் வீடுகளில் அம்மம்மாவின் பிறஷர் மாத்திரைகளும் அப்படியே. பிள்ளை சோர்ந்திருக்கிற காலத்தில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

நினைவுக்கு உரியவரை எப்படி நினைப்பது என்பதுதான் மிகவும் கடினமான பகுதி. விபத்திலோ நோயிலோ போனவர் என்றால் சிக்கல் குறைவு. தானே உயிரை மாய்த்தவர் என்றால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எந்த முறையில், எந்த இடத்தில், என்ன எழுதி வைத்தார் என்பது மேடையில் வரவே கூடாது. "இப்ப அவன் நிம்மதியா இருக்கிறான்" என்ற ஆறுதல் வார்த்தையை, அதே வேதனையோடு முன்வரிசையில் இருக்கிற 16 வயதுப் பிள்ளை வேறு மாதிரிக் கேட்கும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியாலதான், காதலாலதான் என்று ஒற்றைக் காரணம் சொல்வதும் பிழை. அதே பரீட்சையில் அதே புள்ளி எடுத்த மற்றப் பிள்ளைக்கு அது ஒரு வழியைக் காட்டிவிடும். பாடசாலைச் சந்தியில் ஆளுயரக் "கண்ணீர் அஞ்சலி" பதாகைகளை வரிசையாகக் கட்டுவதை நான் எதிர்க்கிறேன். அன்பினால்தான் கட்டுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கும்போது தன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிற பிள்ளை அந்தப் பதாகையை நின்று பார்க்கிறது.

மண்டப வாசலில் சிறிய படம் ஒன்று, ஒரு விளக்கு, அவர் எதை விரும்பினார், எப்படிச் சிரிப்பார் என்று இரண்டு வரி. உள்ளே படம் வேண்டாம். தாய் தகப்பனை ஒவ்வொரு அமர்விலும் மேடையேற்றாதீர்கள். முதல் அமர்வுக்கு வர விரும்பினால் வரட்டும், கடைசி நேரத்தில் வராமல் விட்டாலும் காரணம் கேட்க வேண்டாம். நினைவு நாளன்றே அவரோடு படித்தவர்களுக்கு அமர்வு வைப்பதையும் தவிருங்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியது பாடம் இல்லை.

வழமையான நிகழ்ச்சி நிரல் இதற்கு ஒத்துவராது. மங்கள விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை என்று முக்கால் மணித்தியாலம் போனால் பிள்ளைகளின் கவனமும் போய்விடும். மொத்தம் 90 நிமிடம் என்றால் பேச்சுக்கு 20 போதும். 30 பேருக்கு மேல் எடுக்கவேண்டாம். 15 பேர் கொண்ட இரண்டு வட்டம், வட்டத்துக்கு ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு தொண்டர்கள். ரியூசன் நேரத்தையும் வெள்ளி ஜும்மா நேரத்தையும் கேட்டுத் திகதி போடுங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குத் தனி அமர்வு வைத்து, மாலை மஃரிப் தொழுகைக்கு முன் வீடு போய்ச்சேரும்படி முடித்தால்தான் உம்மாமார் அடுத்த முறையும் விடுவார்கள்.

கேள்விச் சீட்டு நல்ல வழி, ஆனால் அதிலும் பிழை வரும். கேள்வி உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றால் எழுதுகிறவரைப் பக்கத்துக் கதிரைக்காரர் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நிறப் பேனை. கேள்வி இல்லாதவர் பிடித்த சாப்பாட்டை எழுதட்டும், தாள் ஒன்றும் வெறுமையாக வரக்கூடாது. அதைவிட முக்கியமானது, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த கிழமை பிரிக்கக்கூடாது. 15 நிமிடத் தேநீர் இடைவேளையில் இரண்டு தொண்டர்கள் எல்லாச் சீட்டையும் வாசித்துவிட வேண்டும். சாகத் தோன்றுகிறது என்று ஒரு சீட்டு வந்திருந்தால் அதை வாசித்துக் காட்டவும் வேண்டாம், யாரென்று கையெழுத்தைத் தேடவும் வேண்டாம். இடைவேளை முடிந்ததும், "பாரமான ஒண்டை எழுதினவர் இருக்கிறார். அவருக்காக நாங்க ஏழு மணிவரைக்கும் இங்கதான் நிப்பம். இப்ப கதைக்கேலாது எண்டால் ராவைக்கு 1926க்கு எடுங்கோ" என்று எல்லோருக்குமாகச் சொல்லுங்கள். மண்டபக் காவலாளியிடம் ஏழு மணிவரை சாவி கேட்டு வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

முதல் அமர்வின் பொருள் "விசர்", அதாவது பைத்தியம், என்ற ஒற்றைச் சொல்லாகவே இருக்கலாம். எங்கள் ஊரில் நித்திரை வராததும் விசர், அழுகை வருவதும் விசர், கிளினிக் போவதும் விசர். பிள்ளை அந்தச் சொல்லுக்குப் பயந்து, தலையிடி, வயிற்று நோ, நெஞ்சுப் படபடப்பு என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் பனடோலோடு திரும்பி வரும். ஒன்றிலும் நாட்டமில்லாமை, நித்திரைக் குழப்பம், பசியின்மை, தன்மேலேயே வெறுப்பு ஆகியன இரண்டு கிழமைக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். நூல் கட்டுகிற வீட்டாரோடு சண்டை பிடிக்க வேண்டாம். நூலும் கட்டட்டும், கிளினிக்கும் வரட்டும். மாத்திரை கொடுத்தால் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு கிழமை ஆகும். பத்தாம் நாள் "ஒண்டும் சுகமில்ல" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். இளவயதினருக்கு முதல் கிழமைகளில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடலாம் என்பதால் அந்த நாட்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும்.

கிளினிக் போ என்று சொல்வது மட்டும் போதாது. தொடர் தொடங்கும் முன் இரண்டு தொண்டர்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும், தங்கள் பகுதிக்குக் கிட்டிய வைத்தியசாலைக்கும் நேரில் போய்வர வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள், எந்த வாசல், துண்டு எங்கே எடுப்பது, புதிதாக வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். 1926க்கும் எடுத்து, தமிழில் கதைக்க எந்த நேரங்களில் ஆள் இருப்பார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். மாறிப்போன கிளினிக் நாளை நம்பிக் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து திரும்பிப்போன பிள்ளை இரண்டாம் முறை வராது. பதாகைக்கு ஒதுக்கிய காசைப் பஸ், ஓட்டோக் காசாக வைத்து, முதல் தடவை ஒருவர் கூடப் போங்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம், ஆனால் போய்வருகிற செலவே பல வீடுகளுக்குப் பாரம்.

தொண்டர்களைப் பற்றி. போனவரின் மிக நெருங்கிய கூட்டாளிகளை முதல் வருடத்தில் கேட்கும் வேலைக்கு விடாதீர்கள். தேநீர், கதிரை, வாகனம் என்று வேறு பொறுப்பு கொடுங்கள், அவர்களுடைய துக்கமே இன்னும் ஆறவில்லை. மூடிய அறையில் தனியாகப் பேசக்கூடாது. மற்றவர் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத தூரம் வேண்டும். சொந்தப் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், இரவு 2 மணிக்கு வட்ஸ்அப்பில் வருகிற செய்தியை நித்திரையிலிருக்கும் தொண்டர் பார்க்கமாட்டார். குழுவுக்கு ஒரு போன், இரவு 9 வரை, அதற்குப் பிறகு 1926 என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பங்குபற்றிய பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடவே கூடாது.

கதிரை அடுக்கிய பிள்ளையோடு கதைத்த தொண்டர் மூன்றாம் நாள் குழுவின் போனிலிருந்து அழைக்க வேண்டும். எந்த நேரம் அழைக்கலாம், வேறு யாரும் எடுத்தால் யாரென்று சொல்வது என்று அன்றைக்கே பிள்ளையிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். "கிளினிக் போனீங்களா?" என்று தொடங்கினால் போகாத பிள்ளை போனை வைத்துவிடும். "ராத்திரி நித்திரை வந்ததா?" என்று கேளுங்கள்.