எங்கள் மைதானத்தில் எங்கள் பெடியள் விளையாட வேண்டும்

சுற்றுப்போட்டி அறிவித்தல் வந்ததும் இப்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி, "பரிசுக்காசு எவ்வளவு?" அடுத்தது, "வெளியில இருந்து ஆரை இறக்குறியள்?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு நாள் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து ஆள் எடுத்து, கிண்ணத்தைத் தூக்கி, பட்டாசு கொளுத்திப் படம் போடுகிறார்கள். வருடம் முழுக்கப் பயிற்சிக்கு வந்த ஊர்ப் பெடியன் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறான். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

எங்கள் கழகங்கள் இப்படித் தொடங்கியவை அல்ல. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைத்தார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அதே வயலில் இறங்கினார்கள். கலியாணம், கோயில் என்று வந்தால் ஆள் பிரித்துப் பார்த்தவர்கள்கூட, இடதுகாலால் அடிக்கிற ஒருவன் கிடைத்தால் எந்த ஊர், என்ன ஆக்கள் என்று கேட்கவில்லை. கழகத்தின் முதல் பெருமை என்று நான் சொல்வது அதைத்தான். கிண்ணமெல்லாம் பிறகு.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் புதுப்பந்து குதிரைக்கொம்பு. தையல் பிரிந்தால் செருப்புத் தைக்கிற ஊசியால் தைப்பார்கள். உள்ளே பிளாடர் ஓட்டையானால் பழைய சைக்கிள் ரியூப்பில் துண்டு வெட்டி ஒட்டிக் காற்றடிப்பார்கள். ஒட்டுப்போட்ட பக்கம் பாரம் கூடிப் பந்து நினைத்த பக்கம் போகாது. அதை நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கப் பழகியவர்கள் எங்கள் அண்ணாமார். 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போன இடமெல்லாம் தடி நட்டுக் கோல் கம்பம் ஆக்கினார்கள். 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரங்களுக்கு நடுவே சின்னவர்கள் துணிப்பந்து அடித்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் மிதிவெடி அகற்றி முடியும்வரை ஒழுங்கையில்தான் ஆட்டம். மைதானம் கிடைத்ததும் சிரமதானம் வைத்துப் பற்றை வெட்டியவர்களில் பாதிப்பேர் அம்மாமார்.

இந்த இடப்பெயர்வுகளில் கழகத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம், பழைய கேடயங்கள், குழுப்படங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது நினைவுக் கிண்ணம் வைக்கிற வழக்கம். இல்லாமல் போன ஆட்டக்காரர் ஒருவரின் பெயரில் போட்டி. இறுதியாட்டத்துக்கு அவருடைய தாய் வந்து இரண்டு அணிக்கும் கைகொடுத்து, கடைசியில் கிண்ணத்தையும் கொடுப்பார். அண்மையில் ஓர் இறுதியாட்டத்தில் அப்படி ஓர் அம்மா வென்ற அணியின் தலைவரிடம், "நீ எவடம் ராசா?" என்று கேட்டார். அவன் வேறு மாவட்டம். யாருடைய பெயரில் கிண்ணம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது, கூட்டிவந்தவர்கள் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த யாராவது பரிசுக்காசைப் பற்றிப் பேசுவார்களா?

வெளி ஆட்டக்காரர் வந்தால் தரம் கூடும் என்கிறார்கள். சரி, அன்றைக்குக் கூடும். அடுத்த நாள் அவர் போய்விடுவார், தரமும் அவரோடு போய்விடும். அந்தக் காசில் ஒரு பயிற்றுநரை வைத்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் கிழமைக்கு இரண்டு நாள் பழக்கலாம். பள்ளிக்கூடத்தில் நன்றாக விளையாடுகிற பெட்டையளுக்கு ஊரில் அணியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து அனுசரணை தருகிற அண்ணாமாரிடம் ஒரு வேண்டுகோள்: பரிசுத்தொகையைக் கூட்டாதீர்கள், பூட்ஸும் பந்தும் வாங்கித் தாருங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்கப் போகிறேன். நினைவுக் கிண்ணத்தில் விளையாடும் அணிகள் சொந்த ஊர் ஆட்டக்காரரை மட்டும் இறக்க வேண்டும். இறுதியாட்டத்துக்கு முன் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டம் ஒன்று கட்டாயம் நடக்க வேண்டும். அப்புறம், பழைய குழுப்படம் யாரிடமாவது இருந்தால், அது கனடாவிலோ சுவிஸிலோ எந்த அல்பத்தில் கிடந்தாலும், உள்பெட்டியில் அனுப்புங்கள். நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி அனுப்பினால் பெரிய உதவி.